ஒன்பதாவது திறப்பு விழா

"அதே லிஃப்ட்டா?"

"அதே லிஃப்ட்தான் சார். நாளைக்கு ஒன்பதாவது தடவை."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நகரப் பக்கத்து நிருபருக்கு அது போதும். ஊரில் குழாய் உடைந்தாலும் குப்பை நாறினாலும் அவர் எழுதமாட்டார். அதெல்லாம் அழுமூஞ்சிச் செய்தியாம். மேயர் வீட்டு நாய் காணாமல் போனது, மாமன்றத்தில் இரண்டு பேர் மைக்குக்கு அடித்துக்கொண்டது, இதுதான் அவர் சரக்கு.

இந்த மாதம் அவருக்கு அடித்தது யோகம். பெரியாஸ்பத்திரிக்கு எதிரே ஒரு நடைமேம்பாலம், அதில் ஒரு லிஃப்ட். அந்த வார்டு கவுன்சிலர் அம்மாள் செவ்வாய்க்கிழமை ஒரு தரம், வெள்ளிக்கிழமை ஒரு தரம் வந்து ரிப்பன் வெட்டி அதைத் திறந்துவைக்கிறார். திறந்ததையே திரும்பத் திரும்பத் திறக்கிறார். 'ரிப்பன் அக்கா' என்று பெயர் வைத்தது நிருபர்தான். இப்போது ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, நிருபர் நேரிலேயே போனார்.

ஒரு மைக், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சிவப்பு ரிப்பன். பின்னால் சக்கர நாற்காலிகளில் பன்னிரண்டு நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரிப்பன் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏன் மேடம், ஒரே லிஃப்ட்டை இன்னும் எத்தனை தடவைதான் திறப்பீங்க?"

ரிப்பன் அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். "விளம்பர ஆசைதான் தம்பி. நானும் மனுஷிதானே?"

"இந்த நோயாளிங்களை எதுக்கு வெயில்ல உட்கார வெச்சிருக்கீங்க?"

"கைதட்ட ஆள் வேணாமா?"

இப்படியா ஒரு கவுன்சிலர் தானே வந்து வலையில் விழுவார்! நிருபருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அரைப் பக்கத்துக்குச் செய்தி வந்தது. 'கத்திரிக்கோலுக்கே கை வலிக்குது!' என்று தலைப்பு. போட்டோவில் கூட்டம் காட்டுவதற்காக நடக்க முடியாதவர்களை நடுரோட்டுக்கு இழுத்து வந்த கல்நெஞ்சக்காரி என்று காய்ச்சி எடுத்திருந்தார். காலை பத்து மணிக்குள் ஊர் முழுக்க ஒவ்வொரு போனிலும் அதுதான் ஓடியது.

வியாழக்கிழமை மாநகராட்சி ஆணையர் உத்தரவு போட்டார். ஒருமுறை திறந்ததை மறுபடி திறக்கக் கூடாது. மீறினால் பதவி போய்விடும்.

ஆசிரியர் நிருபரின் தோளைத் தட்டினார். "சாதிச்சிட்டய்யா! நாளைக்குப் போய் அந்தம்மா மூஞ்சியை ஒரு படம் எடுத்துட்டு வா. முதல் பக்கத்துல போட்டுருவோம்."

வெள்ளிக்கிழமை மைக் இல்லை, ரிப்பன் இல்லை. லிஃப்ட் கதவு பாதி திறந்து கிடந்தது, உள்ளே கும்மிருட்டு. வாசலில் ஸ்டூல் போட்டு லிஃப்ட் ஆபரேட்டர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன, ரிப்பேரா?"

"ரிப்பேர் எல்லாம் இல்ல சார். கரண்ட் இல்ல."

"கரண்ட் இல்லாமயா ஒன்பது தடவை திறந்தாங்க?"

"திறந்ததாலதான் சார் கரண்ட்டே வந்துச்சு. இதுக்கு நிரந்தர இணைப்பு கொடுக்க யார் கையெழுத்துப் போடணும்னு மாநகராட்சியும் மின்சார ஆபீஸும் ரெண்டு வருஷமா ஃபைலைப் பந்தாடுறாங்க. ஆனா திறப்பு விழான்னு ஒரு மனு கொடுத்தா போதும். ரெண்டு மணி நேரத்துக்குத் தற்காலிக இணைப்பு ஓடி வந்து கொடுப்பாங்க."

"அது... ஏன் செவ்வாய், வெள்ளி?"

"அன்னிக்குத்தானே சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கெல்லாம் டயாலிசிஸ்? பஸ் இந்தப் பக்கம் இறக்கி விட்டுருது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், பாலம் நேரா அதோட மாடிக்கே போகுது. நடுவுல ரோடு முழுக்க வேலி. பாலத்துல ஏறாம போக வழியே இல்ல. ஒரு நாள் தவறினாலும் உடம்பு தாங்காது சார்."

"இதை அந்தம்மா வெளியில சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, இருக்கிற ஒரு ஓட்டையையும் அடைச்சிருவாங்கன்னு வாயைத் திறக்கல. முதல்ல ஒழுங்காத்தான் எல்லாப் பத்திரிகைக்கும் மனு எழுதிப் போட்டாங்க. செய்தியில சுவாரசியம் இல்லைன்னு ஒருத்தரும் போடல."

நிருபர் கையில் எடுத்த கேமராவைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டார்.

படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ரிப்பன் அக்கா செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, ஒரு சக்கர நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். மறுபக்கத்தை நோயாளியின் மனைவி பிடித்திருந்தார். மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு முறை நாற்காலியைப் படியில் ஊன்றிவிட்டார்கள்.

அந்த மனைவி நிருபரின் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"பத்திரிகைக்காரரா நீங்க? எவனோ ஒருத்தன் எழுதி எங்க வாயில மண்ணைப் போட்டுட்டான்யா. நாசமாப் போறவன்! அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நிருபர் ரிப்பன் அக்காவைப் பார்த்தார். அக்காவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் அந்த ஆள் இல்லம்மா" என்றார் ரிப்பன் அக்கா. "தம்பி, அப்படியே நிக்காம வந்து ஒரு கை பிடிங்க. கீழே இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."