புதியவர் கூட்டம்

ஹெல்சிங்கி நூலக அறையில் அன்று இருந்தவர்கள்: ஐலா, வெய்க்கோ, புதிதாக வந்த ஒரு தாடிக்காரர். மற்றதெல்லாம் காலி நாற்காலி.

"ஒருத்தராச்சும் வந்தீங்களே! இணையதளம் கட்டுற எங்க மென்பொருள் இலவசம்தான், சம்பளமில்லாம நாங்களே சேர்ந்து எழுதுறது. இனியும் எழுத ஆள் சேரலன்னா மூட வேண்டியதுதான்," என்றாள் ஐலா.

"முன்னாடி ஏன் சேரல?" என்று கேட்டார் தாடிக்காரர்.

"இதை எழுதின ஆளாலதான். இணையத்துல பேரு கரடி, மூஞ்சியை யாரும் பார்த்ததில்ல. புதுசா எவன் கேள்வி கேட்டாலும் கடிச்சுக் குதறுவான். போன வருஷம் ஓட்டுப் போட்டு விரட்டிட்டோம்."

"அப்புறம் ஆள் வந்தாங்களா?"

"நீங்கதான் முதல் ஆள்," என்று இளித்தான் வெய்க்கோ. "சேருவீங்கல்ல?"

தாடிக்காரர் தலைகுனிந்தார். "கரடி நான்தாங்க. மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேரலாம்னு வந்தேன்."

ஐலா எழுந்து கதவைத் திறந்தாள்.

"கிளம்புங்க. நீங்க இருந்தா புதுசா யாரும் வரமாட்டாங்க."

அவர் போனதும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.