மாமா என்று கூப்பிட்டவன்

அப்பாத்துரை ஈர வேட்டியோடு வேதக்கோயிலுக்குள் வந்து, ஈர அரிவாளை மேஜைமேல் வைத்தார்.

"பூனைக்கண்ணன் பாக்கியசீலன் வம்சத்தப் படியும் வே."

உபதேசியார் தேவசிகாமணி எழுந்து நின்றார். "எதுக்கு அண்ணாச்சி?"

"எம் மக இன்பமணியப் பொண்ணு கேக்கான். அநாதப் பய, என்னைய மாமாங்கான். எவன்லே ஒனக்கு மாமான்னு கேட்டா, கோயில் பதிவேட்டப் பாருங்க மாமாங்கான்."

"ஒரு வருசமா இங்கனதான் உக்காந்து தேடுனான்." தேவசிகாமணி அரிவாளைப் பைய நகர்த்திவிட்டு ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்தார். "நார்வே தேசத்துக் கப்பல்காரன் ஓலாவ். தொண்ணூறு வருசத்துக்கு முந்தி, 1818-ல வந்து நம்ம பொண்ணக் கட்டுனவன். அவன் மக வழிதான் பாக்கியசீலன்."

அப்பாத்துரை மேஜையை உதைத்தார். மைக்கூடு விழுந்து உடைந்தது. உபதேசியாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "வெள்ளைக்காரன் வாரிசு எனக்கு எப்படிவே சொந்தமாவான்?"

"ஓலாவுக்கு ஒரு மகனும் உண்டு, அண்ணாச்சி. கங்கைகொண்டான் ஊர்க்காரர் மாசிலாமணி. ஒங்க தாத்தா."

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது.

"நீங்க மகன் வழி, அவன் மக வழி. இன்பமணிக்கு அவன்தான் முறைமாப்பிள்ளை. மாமான்னு சரியாத்தான் கூப்பிட்டிருக்கான்." தேவசிகாமணி சட்டையைச் சரிசெய்துகொண்டார். "ஞாயித்துக்கிழமையே சபை முன்னால கல்யாண ஓலை வாசிச்சு அறிவிச்சிருவோம். விவாகப் பதிவேட்ட எடுக்கட்டா?"

அப்பாத்துரை அரிவாள் பிடியில் கழுவியும் போகாத கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேண்டாம் வே," என்றார். "அடக்கப் பதிவேட்ட எடும்."