மாடியில் கடைசி ஜன்னல்

"டேப் நுனியைக் கெட்டியாப் பிடிங்கண்ணே!"

டிரைவர் பிடித்தார்.

ஒரு வழியாக நர்ஸ் விடுதியின் மாடிக்கு வந்துவிட்டார். முப்பத்தொரு வருஷம் தாமதமாக.

மேட்ரன் இருந்த காலத்தில் இந்த கேட்டுக்குள் ஆண் ஈ கூடப் பறக்காது என்பார்கள். இப்போது கட்டடம் காலி. நூறு வருஷப் பழசு, இடிக்கக் கூடாது என்று உத்தரவு. அளந்து வரைபடம் போட ஆர்க்கிடெக்ட் பெண் வந்திருந்தாள். உதவியாளர் லீவு. கார் ஓட்டி வந்தவர் தலையில் டேப் விழுந்தது.

அவர் மறுக்கவில்லை. அவருக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மாடியில் கடைசி அறை. அதன் ஜன்னல்.

அப்போது அவர் ஆம்புலன்ஸ் டிரைவர். நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பக்கத்து சீட்டில் இருந்த நர்ஸ், அவர் கேட்காமலே சொன்னாள்: "மாடியில கடைசி ரூம்தான் எனக்கு."

மறுநாளே துண்டுச் சீட்டு கொடுத்தார். சம்மதமென்றால் ஞாயிறு நாலு மணிக்கு உன் ஜன்னலைத் திறந்து வை. எங்கே நின்று பார்ப்பேன் என்று எழுதத் தோன்றவில்லை.

ஞாயிறு. எதிர் நடைபாதையில் நின்று மாடியை எண்ணினார். வாசலுக்கு இந்தப் பக்கம் ஆறு ஜன்னல், அந்தப் பக்கம் ஆறு. கடைசி ஜன்னல் மட்டும் எப்போதும் மூடியிருக்கும். நைட் டூட்டிக்காரி, பகலில் தூங்க வேண்டாமா?

நாலு. நாலரை. ஆறு.

மற்ற ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. அது திறக்கவில்லை.

திங்கட்கிழமை வார்டு வாசலில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் சைரனைப் போட்டுக்கொண்டு காலி வண்டியை விரட்டிப் போனார். ரோஷம். அந்த வாரமே வேறு ஊருக்கு மாற்றல்.

மூடிய கதவுக்குப் பின்னால் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? சிரித்தாளா? அழுதாளா? இத்தனை வருஷமாக அந்த ஒரு கேள்வி.

கடைசி அறைக் கதவைத் தள்ளினார். சாலைப் பக்கம் திரும்பினார்.

வெறும் சுவர்.

தடவிப் பார்த்தார். ஜன்னலை அடைத்த தடம் கூட இல்லை.

ஆர்க்கிடெக்ட் பெண் சிரித்தாள். "நீங்களும் ஏமாந்தீங்களா? அது பொய் ஜன்னல்ண்ணே. மேல் தொட்டிக் குழாயெல்லாம் இந்தச் சுவத்துக்குள்ளதான் இறங்குது, ஓட்டை போட முடியாது. வெளியில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணுமே! சும்மா ரெண்டு பலகையை அறைஞ்சு வெச்சிட்டாங்க. நிஜ ஜன்னல் அதோ."

பின்பக்கச் சுவரில் இருந்தது. கீழே துணி உலர்த்தும் முற்றம். அதன் மதிலுக்கு அப்பால் பழைய ஆம்புலன்ஸ் ஷெட்டின் தகரக் கூரை.

அந்தக் கூரைக்குக் கீழேதான் அவர் தினமும் வண்டி துடைத்தார். ஒரு நாளும் இந்தப் பக்கம் நிமிர்ந்ததில்லை.

ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது.

திறந்த கதவைச் சுவர் வளையத்தோடு மாட்டியிருந்த கொக்கியின் மேல் பெயின்ட்டை அவள் பிளேடால் சுரண்டினாள். பழைய கட்டடத்தில் எத்தனை கோட்டு அடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை.

"வேடிக்கையைப் பாருங்கண்ணே. பச்சை, நீலம், வெள்ளை. மூணு தடவை அடிச்சிருக்காங்க, மூணும் கொக்கியையும் வளையத்தையும் சேர்த்து மூடியிருக்கு. அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெயின்ட்டே அடிப்பாங்க. அத்தனை காலமும் இந்த ரூம்காரம்மா ஜன்னலைச் சாத்தவே இல்ல போல. மழைக்குக்கூட!"

டேப் அவர் கையிலிருந்து நழுவி, சரசரவென்று சுருண்டு அவளிடம் ஓடியது.

அவள் படியிறங்கினாள். பாதிப் படியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, மழை வர்ற மாதிரி இருக்கு. அந்த ஜன்னலைச் சாத்திட்டு வந்துடுங்க!"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் டிரைவர் இறங்கி வந்தார்.

"சாத்தியாச்சா?"

"வரலம்மா. துரு."

அவர் அதைத் தொடவே இல்லை.