கிணற்று முனி

மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் எங்கள் கவலைக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஆறு வயது மகள் சௌந்திரமோ அதை எட்டிப் பார்க்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. முள் வெட்டிப் போட்டேன், தாண்டினாள். அதட்டினேன், சிரித்தாள். பெற்ற பிள்ளையை அடக்க வக்கில்லாத நான், கடைசியில் முனியைத் துணைக்கு அழைத்தேன்.

“கெணத்துக்குள்ள முனி இருக்குது சாமி. பேர் சொல்லிக் கூப்புடும்.”

“எப்பிடிங்கப்பா கூப்புடும்?”

“அம்மா கொரல்ல கூப்புடும், அப்பா கொரல்லயும் கூப்புடும். திரும்பிப் பாக்காம ஊட்டுக்கு ஓடி வந்தரோணும்.”

மகளோடு என் மனைவி வசந்தாமணியும் நம்பிவிட்டாள். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு சந்தை நாள் மதியம், சௌந்திரம் ஆட்டுக்குட்டியோடு பேசும் சத்தம் கேட்டது.

“சௌந்திரம், இங்க வா கண்ணு!” என்றேன்.

பேச்சு நின்றது.

“அப்பாதாங் கூப்புடறேன்!”

அவ்வளவுதான். காலடிச் சத்தம் வீட்டைப் பார்த்து ஓடியது. முதல் முறையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறாள்! பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

சற்று நேரத்தில் தூரத்திலிருந்து வசந்தாமணியின் குரல் நடுங்கியது.

“எம் புள்ளையவா கூப்புடறே? எங்க ஊட்டுக்காரரு ஆட்டையாம்பட்டி சந்தைக்குப் போயிருக்கறாரு. வரட்டும், உனக்கு இருக்குது!”

“வசந்தாமணி, நாந்தான்!”

“ஐயோ, எம் பேருகூடத் தெரிஞ்சிருக்குதே!”

அவளும் ஓடிவிட்டாள்.

சந்தைக்குக் கிளம்புமுன் முகம் கழுவத் தண்ணீர் சேந்தக் குனிந்து, கால் வழுக்கி விழுந்த கிணற்றுக்குள், கழுத்தளவு தண்ணீரில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கியபடி, அவள் வீட்டுக்காரர் சீக்கிரம் திரும்பி வரவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.