கச்சேரிக்குப் புது காஸ்

“உசுரு பூடுச்சு சார்” என்றார் மெக்கானிக் அப்துல் கஃபார், தலையை நிமிர்த்தாமலே.

நிரஞ்சன் கண்களை மூடிக்கொண்டார். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது மரணம். அடையாறு கச்சேரிக்கு முந்தின நாள் ஒன்று, மயிலாப்பூருக்கு முந்தின நாள் ஒன்று, போன வாரம் ராஜா அண்ணாமலைபுரத்துக்கு முந்தின நாள் ஒன்று. கார் என்னவோ ஓடுகிறது. அதன் ஏசிதான் அவர் மனைவி மஹதியின் கச்சேரித் தேதிகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு செத்துப்போகிறது.

“யாரோ கண்ணு வெச்சுட்டா, பாய்.”

“கண்ணு வெச்சா காஸ் எறங்குமா சார்? எண்பத்தாறு மாடல். வண்டிக்கு வயசு பன்னெண்டு ஆவுது.”

வரும் ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் கச்சேரி. டிசம்பர் சீசனில் முதல்முறையாக மஹதிக்கு மாலை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நன்றாக அமைந்தால் அடுத்த வருடம் எல்லா சபாவும் கூப்பிடும். சொதப்பினால் மறுபடியும் மத்தியானக் கச்சேரி, கேன்டீனில் போண்டா தீர்ந்த பிறகு எட்டிப் பார்க்கும் பதினோரு பேர்.

நிரஞ்சனுக்கு ராகத்தைப் பற்றியோ தாளத்தைப் பற்றியோ கவலை இல்லை. சபா வாசலில் அவள் வேர்க்காமல் இறங்க வேண்டும், அவ்வளவுதான். போன வருடம் வேறொரு பாடகி இறங்கியபோது கார் கதவு வழியாக வந்த குளிர்காற்றை அவர் பக்கத்தில் நின்று அனுபவித்திருக்கிறார். மார்கழியில் எதற்கு வேர்க்கும் என்று கேட்கும் துணிச்சல் வீட்டில் யாருக்கும் இல்லை.

ஏசி தொண்டையைப் பிடிக்கிறது என்று மஹதி ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அது பழைய காஸின் கோளாறு என்று நிரஞ்சன் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

“பழசே வேண்டாம், பாய். புதுசா வந்திருக்காமே, நூத்தி முப்பத்தி நாலுன்னு? அதைப் போடுங்கோ. பழைய காஸ் ஓசோன்லயே ஓட்டை போடறதாம். தொண்டையை மட்டும் விட்டுடுமா?”

அப்துல் கஃபார் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“நல்லா ரோசனை பண்ணிக்கங்க சார். காஸ் மட்டும் மாத்துனா ஆவாது. ஆயிலு, வாஷரு, டிரையர் பாட்டிலு எல்லாம் மாத்தணும். ரெண்டு நாள் வேலை கீது.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரேன்.”

பாய் ஸ்பேனரைத் திருப்பினார். மிச்சமிருந்த பழைய காஸ் ‘புஸ்’ஸென்று ராயப்பேட்டை வானத்துக்குக் கிளம்பியது. ஓசோனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நிரஞ்சன் ஆட்டோ பிடித்தார்.

வெள்ளிக்கிழமை மஹதியையும் கூட அழைத்து வந்தார். அவள் பின் சீட்டில் உட்கார்ந்தாள். கச்சேரி நெருங்கினால் அவள் அதிகம் பேசுவதில்லை. அந்தக் குறை தெரியாமல் அவளுக்கும் சேர்த்து நிரஞ்சனே பேசிவிடுவார்.

“அடேயப்பா, ஊட்டி தோத்தது போ! மஹதி, நோக்குத் தெரியறதா? இது சுத்தமான குளிர். தொண்டைக்கு எவ்ளோ இதமா இருக்கு பார்!”

மஹதி சால்வையைக் கழுத்தில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

“இன்னா சார், திருப்தியா?” என்று கேட்டபடி அப்துல் கஃபார் ஜன்னல் பக்கம் வந்தார்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கணும், பாய். என் மானமே உங்க கைலதான் இருக்கு.”

“அம்மா பாட்டு ரேடியோல வந்தா கடைய மூடிட்டுக் கேக்கறவன் சார் நானு. அவங்க கச்சேரிக்கு ஒரு கொறையும் வராது. நீங்க தெகிரியமாப் போங்க.”

இந்தச் செய்தியை சபா செக்ரட்டரிக்கு உடனே சொல்லாவிட்டால் நிரஞ்சனுக்குத் தூக்கம் வராது. தெருக்கோடியில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார். வரவேற்க வாசலில் நாலு பேர் நிற்க வேண்டும், கார் கதவை அவர்களே திறக்க வேண்டும் என்று என்னென்ன சொல்லலாம் என யோசித்துக்கொண்டே போனவருக்கு, நம்பர் எழுதிய டைரி காரிலேயே கிடப்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது கார் பானட் தூக்கியிருந்தது. பாய் கடைசியாக ஒரு தடவை சரிபார்க்கிறார்; என்ன பொறுப்பு! மஹதியும் இறங்கிப்போய் முன்னால் நின்றிருந்தாள். பானட் மறைத்ததில் அவள் முந்தானை மட்டும் தெரிந்தது. நிரஞ்சன் ஓசைப்படாமல் பின்பக்கக் கதவைத் திறந்து டைரியை எடுத்தார்.

பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மஹதியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“வழக்கம்போல நாளைக்கே காஸ் எறங்கிடுமோல்லியோ, பாய்?”