ஏழாவது கேள்வி

ஒத்தக்கடை நிறுவனமொன்றில் துப்புரவுப் பணிக்கு வந்திருந்த முத்துமீனாவின் படிவத்தைக் கண்டதும், மனிதவள அதிகாரி சரண்யாதேவி அறைக்கதவைச் சாத்தினார். 'உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும்: அவன், அவள், அவர்?' என்ற ஏழாவது கேள்வியில் 'அவர்' வட்டமிடப்பட்டிருந்தது.

“தயங்காதீங்க. இங்க திருநர்களுக்குத் தனிக் கழிப்பறையே இருக்கு. யாரும் கேலி பண்ண மாட்டாங்க.”

“எனக்கெதுக்கு மேடம் அது? நான் மூணு பிள்ளை பெத்தவ.”

“அப்புறம் ஏன் 'அவர்'?”

முத்துமீனா தலைகுனிந்தார்.

“இருபது வருசமா எம்புட்டோ ஆபீஸ் கூட்டிருக்கேன். என் மக வயசுப் பிள்ளைககூட, 'அவ வந்தாளா, கூட்டுனாளா'ன்னுதான் கேக்கும். எப்படிச் சொல்லணும்னு என்னையவே கேட்டது நீங்கதான். தப்புன்னா அழிச்சிர்றேன் மேடம், வேலைய மட்டும் குடுங்க.”

சரண்யாதேவி படிவத்தில் கையெழுத்திட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

“முத்துமீனா அம்மா இன்னைக்கு வேலையில சேருறாங்க. அவங்களுக்கு அடையாள அட்டை போடுங்க.”