தலை குனிந்த படம்

கண்காட்சித் திறப்புக்கு வந்திருந்தவர்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த புகைப்படக்காரரின் கொள்ளுப்பேத்தி, அவர் வாழ்க்கையைத் தேடித் தொகுத்த ஆய்வாளன், கட்டடத்தின் காவலாளி, ஓசி டீக்கு வந்த நாலு பேர்.

ஊரையே படம் பிடித்த மனிதர் தன்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. முகமில்லாதவரை யார் பார்க்க வருவார்கள்? ஆய்வாளன் அவருடைய பழைய கண்ணாடித் தகடுகளிலிருந்து கோட்டுப் போட்ட, பெயர் தெரியாத ஒருவரைப் பெரிதாக்கி மாட்டி, கீழே புகைப்படக்காரரின் பெயரைப் போட்டுவிட்டான்.

கொள்ளுப்பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூக்கு அப்படியே எங்கப்பா மூக்கு. நாளைக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ஆமா தம்பி, ஏன் தலையைத் தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருக்காரு?"

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தக் காலத்தில் படம் விழ நேரமாகும். ஆள் அசையாமலிருக்கப் பின்னந்தலையை இரும்புக் கவையில் பொருத்தி வைப்பார்கள். காலையில் அவன் மாட்டியபோது நிமிர்ந்திருந்த தலை இப்போது குனிந்திருந்தது. அதன் பின்னால் கவை வெறுமனே நின்றது.

"வெட்கமா இருக்கும்க்கா" என்றான். அவள் சிரித்தாள். அப்போதும் அவன் உண்மையைச் சொல்லவில்லை.

எல்லாரும் போனபின் பெயர் அட்டையைக் கிழிக்க வந்தான். படத்தில் நாற்காலி காலியாக இருந்தது.

காவலாளி சாவியோடு வந்தார். "இன்னும் போகலையா சார்? கோட்டுப் போட்ட பெரியவர் ஒருத்தர் இப்பத்தான் போனாரு. மூஞ்சியையே காட்டல. யாரு சார் அவரு?"

"தெரியலண்ணே. சத்தியமா தெரியல."

அவனை வெளியே விட்டு, காவலாளி கதவைச் சாத்திப் பூட்டினார்.